முட்டி வலி என்று வந்த பாட்டி

பொது அறுவைச் சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு முடிய ஆறு மாதம் இருந்தபோது நடந்தது இது. கேஷுவாலிட்டியில் இரவு டியூட்டி. 78 வயதுப் பாட்டி ஒருவர், 35 கிலோ இருந்தாலே அதிகம், மூன்று நாளாக வாந்தி, வயிறு உப்பல். குடல் அடைப்பு என்று எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. வயிற்றில் இதுவரை ஆபரேஷன் இல்லை, தொப்புளிலும் தொடை இடுக்கிலும் கை வைத்துப் பார்த்தால் வீக்கமும் இல்லை. அப்புறம் எதனால் அடைப்பு?

பாட்டியோ வயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, வலது தொடையில இருந்து முட்டி வரைக்கும் இழுக்குதுப்பா, அதுக்கு ஒரு ஊசி போடு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மஞ்சப்பையில் எலும்பு ஓ.பி. சீட்டுகள் நாலைந்து, எல்லாவற்றிலும் மூட்டுத் தேய்மானம். நானும் "அதைக் காலையில பார்க்கலாம் பாட்டி" என்று மூக்கில் ட்யூப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த சீஃப் பாட்டியின் காலை மடக்கினார், வலி குறைந்தது. நீட்டி, அகட்டி, உள்பக்கமாகத் திருப்பினார், பாட்டி அலறினார். "ஹவ்ஷிப் ராம்பெர்க்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த ஒரு அறிகுறியின் பெயர்தான்.

அது காட்டிக்கொடுப்பது அப்துரேட்டர் ஹெர்னியா, ஒரு வகைக் குடலிறக்கம். இடுப்பெலும்பில் ஒரு நரம்பும் ரத்தக்குழாய்களும் தொடைக்கு இறங்கும் ஒரு சந்து உண்டு, அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர், அதைக் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். வயதாகி உடம்பு வற்றும்போது அந்தக் கொழுப்பும் கரைய, குடல் உள்ளே நழுவி நரம்பை நசுக்குகிறது, வலி தொடையின் உள்பக்கம் இறங்குகிறது. குடல் நழுவி நழுவித் திரும்பிவிடுவதால் வலியும் வந்து வந்து போகும், மூட்டு வலி என்று நினைக்க வசதியாக. தசைக்கு அடியில் இருப்பதால் வீக்கம் கைக்குச் சிக்காது. மொத்த ஹெர்னியாக்களில் நூற்றில் ஒன்றுகூட இல்லை, அதிலும் பெரும்பாலோர் மெலிந்த, பிள்ளை பெற்ற வயதான பெண்கள்.

சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தது. வயிற்றைத் திறந்து குடலைப் பதமாக வெளியே எடுத்தால், சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கிக் கறுத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி இணைத்தோம். அழுகிய குடல் இருந்த இடத்தில் செயற்கை வலை வைத்தால் சீழ் பிடிக்கும் என்று அந்தச் சந்தின் வாயைத் தையலாலேயே மூடினார் சீஃப்.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். முட்டி எப்படி இருக்கிறது பாட்டி என்றேன். "அது போயிடுச்சு. ஆனா நீ கடைசி வரைக்கும் அந்த ஊசியைப் போடவே இல்லையே" என்றார்.