கறையா, ஆளா?

"இது கறையா, ஆளா?" என்று கேட்டார் எங்கள் குழுவின் மூத்தவர். "கறைதான் சார்" என்றேன். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

தாமஸ் அன்னன் என்ற புகைப்படக்காரர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எடுத்த படம் அது. 1866-இல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டப்படி ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட் பக்கத்து முடுக்குகளை இடிக்க முடிவானது. இடிப்பதற்கு முன் படமெடுத்து வைக்க அவரை அமர்த்தினார்கள். ஸ்கேனில் உள்ள தூசி, கீறல், ரசாயனக் கறையை நீக்குவது எங்கள் வேலை. சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் தீற்றல். பக்கத்துக் கல்லை நகலெடுத்து அதன்மேல் வைத்து மூடினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அந்தத் தீற்றல் அடியில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

ஈரக் கொலோடியன் தட்டு அது, அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தட்டு. வெயில் இறங்காத முடுக்கில் லென்ஸைப் பல நொடிகள் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் நின்றவர்கள் படத்தில் விழுவார்கள், ஓடியவர்கள் புகையாகிவிடுவார்கள். குழந்தை எங்கே நிற்கும்? புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஆனால் கையால் ஊற்றிப் பூசும் தட்டில் கறையும் அப்படியேதான் விழும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்னனை அனுப்பியதும் கட்டடங்களைப் பதிவு செய்யத்தானே? படங்களின் தலைப்பே 'ஹை ஸ்ட்ரீட், எண் 118' என்கிற மாதிரி வெறும் முகவரிதான். 1877-இல் லண்டன் தெருக்களை எடுத்த ஜான் தாம்சனின் படங்களோடு அந்த மனிதர்களின் தொழில், பிழைப்பு பற்றி எழுத்தும் வந்தது. இந்த முடுக்கில் நின்றவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளை அங்கே இருந்ததற்கு அந்தத் தீற்றல் மட்டும்தான் சாட்சியோ என்னவோ.

மறுநாள் மூத்தவரிடம் சொன்னேன். "கோப்பு போயாச்சுப்பா. மூலப்படம் வேலை கொடுத்தவங்ககிட்ட பத்திரமா இருக்கு, விடு" என்றார். உண்மைதான், எதுவும் அழிந்துவிடவில்லை. அவர் கேட்கவாவது செய்தார். நான்தான் பார்க்காமலே பதில் சொன்னேன்.

அப்புறம் சந்தேகமான தீற்றலைத் தொடாமல், 'ஆள் இருக்கலாம்' என்று குறிப்பெழுதி அனுப்பத் தொடங்கினேன். போன மாதம் வேறொரு பழைய தெருப்படம் திரும்பி வந்தது, சுத்தம் போதவில்லை என்று. இந்த முறை பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். தோள் மாதிரி இருந்தது. துடைத்துத்தான் அனுப்பினேன்.