முக்கால் சதுர அடி புளியந்தோப்பு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு புளியந்தோப்பு இருக்கிறது. பரப்பு முக்கால் சதுர அடி. மரம் ஒன்றே ஒன்று, உயரம் ஒன்றரை ஜாண்.

நான் முதலில் வாங்கியது புளி இல்லை, ஜூனிப்பர் என்கிற குளிர்ப்பிரதேச மரம். ஊட்டிக்குப் போன இடத்தில், மலைக்காற்றில் சாய்ந்து நிற்பது மாதிரி ஒரு போன்சாயை, அதாவது தட்டில் குட்டையாகவே வளர்க்கிற மரத்தைப் பார்த்து மயங்கி, கும்பகோணம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "பால் குடுத்தாச்சா?" என்று கேட்காததுதான் பாக்கி. அது குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி எழ வேண்டிய மரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நம் ஊர் மார்கழி ஒரு மஃப்ளருக்கே தாங்காது, அது எங்கே தூங்கும்?

போதாததற்கு ஜூனிப்பருக்கு இன்னொரு குணம் உண்டு. செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பங்குனியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது சித்திரை பாதியில், கை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை ஒரு பிணத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, "செழிப்பா இருக்கு" என்று ஸ்டேட்டஸ் வேறு வைத்திருக்கிறேன். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும்டா" என்றார்.

சரி, இந்த வெயிலில் பிறந்ததுதான் இந்த வெயிலைத் தாங்கும் என்று புத்தி வந்தது. ஆல், இச்சி, காகிதப்பூ, புளி எல்லாமே போன்சாய்க்குத் தோதான மரங்கள்தான். ஆலும் அரசும் வீட்டுக்குள் ஆகாது என்று அம்மா தடை போட்டார். புளிக்கும் தடை வந்தது: பேய். "ஒன்றரை ஜாண் மரத்தில் குடியிருக்கிற பேய் என்ன உசரம்மா இருக்கும்?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "மாடியிலேயே இருக்கட்டும், உள்ளே கொண்டாராதே" என்று அனுமதி கொடுத்தார்.

கொல்லை வேலியோரம் ஒரு புளியங்கன்று பல வருஷமாக முழங்கால் உயரம் தாண்டாமல் நின்றது. தலைதூக்கும்போதெல்லாம் ஆடு கடித்துக் கடித்து அடிமரம் மட்டும் கட்டைவிரலை விடத் தடித்து, முறுக்கிக்கொண்டு கிடந்தது. போன்சாய்க்காரர்கள் கத்தரிக்கோலோடு பல வருஷம் செய்கிற வேலையை ஓர் ஆடு சம்பளம் இல்லாமல் செய்திருக்கிறது. ஐப்பசி மழையில் வேரோடு எடுத்து, முதலில் ஒரு மண்சட்டி, அடுத்த வருஷம் இரண்டு அங்குல ஆழத் தட்டு என்று மாற்றினேன்.

இங்கேதான் நம் காவிரி வண்டல் காலை வாரியது. நெல்லுக்கு அமிர்தம், தட்டுக்கு ஆகவே ஆகாது. ஈரத்தில் களியாகி வேரை மூச்சுமுட்ட வைக்கும். காய்ந்தால் சுருங்கித் தட்டின் விளிம்பைவிட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடி ஓட்டையில் கொட்டிவிடும், நாமும் நனைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். அதனால் செங்கலை உடைத்துச் சலித்த பொடிக்கல், வீடு கட்டியதில் மிஞ்சிய ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய எரு என்று கலந்து போட்டேன். செங்கல் உடைத்த மூன்று நாளும் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை.

முதல் சாயங்காலமே ஒரு கலவரம். ஆறரை மணிக்குப் பார்த்தால் இலையெல்லாம் கூம்பித் தொங்குகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய என்னை அப்பா நிறுத்தினார். "புளி ராத்திரியில இலையை மூடிக்கும்டா. நாப்பது வருஷமா கொல்லையில நிக்கிற பெரிய மரத்தை ஒரு நாளாவது அண்ணாந்து பாத்திருந்தா தெரியும்."

அப்படிப்பட்ட அப்பாவை நம்பித்தான் அக்னி நட்சத்திரத்தில் மூன்று நாள் சென்னைக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். தட்டைத் தளத்தில் வைக்காமல் நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, மத்தியானத்துக்குக் கீற்று நிழல் போட்டு, விதிகளைச் சொன்னேன். காலையும் மாலையும் தண்ணீர், மாடிக் குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதை ஓடவிட்டுவிட்டுத்தான் பிடித்து ஊற்ற வேண்டும், உரம் கூடாது. அப்பா தட்டைச் சுற்றி வந்தார். "இது எத்தனை குழிடா?" என்றார். குழி என்றால் எங்கள் பக்கத்து நில அளவில் 144 சதுர அடி. நான் கணக்குப் போடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே பூரிப்போடு நின்றார். "மூணு நாளா ஒரு சொட்டு வெளியே போவலடா." மாடிக்கு ஓடினேன். தட்டில் விளிம்பு வரை தண்ணீர், நாற்றங்கால் மாதிரி. அதில் வானம் தெரிகிறது. அடி ஓட்டை இரண்டையும் நல்ல களிமண்ணை உருட்டி, வாய்க்கால் மடையை அடைக்கிற பதத்தில் அடைத்திருந்தார். மேல் பூச்சில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

கோபப்படவும் முடியவில்லை. ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்து, முறை வைத்து, ராத்திரி வரப்பிலேயே படுத்துத் தண்ணீரைக் காவல் காத்த மனுஷன். ஊற்றினால் அடியில் ஒழுக வேண்டும் என்று ஒருவன் வேண்டுமென்றே ஓட்டை போட்டு வைத்திருக்கிறான் என்றால் அவரால் எப்படி நம்ப முடியும்?

இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த வெயிலில் வேரைக் கலைத்து மண் மாற்றினால் உள்ள உயிரும் போகும். மடையைத் திறந்துவிட்டு, தட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தேன். சாய்வில் தேங்கின தண்ணீர் நன்றாக வடியும். முழு நிழல். ஊதுபத்திக் குச்சியை மண்ணில் குத்தி, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். மரம் மொட்டையாக நின்றது. அப்பா தினமும் வந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போவார்.

வைகாசி கடைசியில் ஒரு காலை, கிளை நுனிகளில் இளம்பச்சைக் கொழுந்து. ஏழெட்டு இடத்தில். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பயிர் பச்சை பிடிச்சிருச்சு" என்றார்.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு கொழுந்தும் இல்லை. ஆடு மாடியேறிவிட்டதா என்று கீழே ஓடினால், அம்மா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு பிடிகூட இல்லாத புளியங்கொழுந்து.

"ஒரு தொவையலுக்குக்கூட காணலைடா. தரையில வெச்சிருந்தா இந்நேரம் கூடை கூடையா பறிக்கலாம்."

மறுபடி மேலே போய்க் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு தளிரிலும் அடியில் இரண்டு இலையை விட்டு, நுனியை மட்டும் கிள்ளியிருந்தார். போன்சாயில் கிளை அடர்த்தியாக வேண்டுமென்றால் நான் கிள்ளியிருக்க வேண்டிய இடமும் அதுதான்.