எந்த ஊர் நேரம்?

நிலநடுக்கப் பதிவுகளில் உலக நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றுவது என் வேலையில் ஒரு பகுதி. வெறும் கூட்டல் கணக்குதானே என்பார்கள். பெரும்பாலான வரிகளுக்கு அப்படித்தான். 2001 புஜ் நிலநடுக்கம் உலக நேரம் 03:16. ஐந்தரை மணி கூட்டினால் குடியரசு தினக் காலை 8:46. சரி, அடுத்த வரி.

2004 டிசம்பர் 26க்கு வரும்போது கை நின்றுவிடும். உலக நேரம் 00:58. சுமத்ராவில் அப்போது காலை 7:58, அந்தமானில் 6:28. மையம் சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில். பிளவோ அந்தமான் வரை ஓடியது. இதில் யாருடைய நேரத்தை எழுதுவது? மையத்துக்கு அருகிலுள்ள கரையின் நேரம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மிடம் தரவு கேட்டு வருபவருக்குப் பெரும்பாலும் தெரிய வேண்டியது, ஆட்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்களா, வெளியில் இருந்தார்களா என்பது. அதற்கு அவர்கள் ஊர்க் கடிகாரம்தான் பதில் சொல்லும். அதனால் ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு உள்ளூர் நேரங்கள் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பழைய பதிவுகள்தான் உண்மையான தலைவலி. அலாஸ்காவின் பெரிய நிலநடுக்கம் உலக நேரப்படி 1964 மார்ச் 28, 03:36. அங்குள்ளவர்களுக்கு அது முந்தைய நாள், புனித வெள்ளி மாலை 5:36. கோடைக்கால நேரத்தை விட்டுவிட்டு, இன்றைய கணக்கில் ஒன்பது மணி நேரம் கழித்தால் 6:36 என்று வரும்; அன்று ஆங்கரேஜில் பத்து கழிக்க வேண்டும். நேபாளமும் 1986 வரை ஐந்தரையில்தான் இருந்தது, கால் மணி அப்புறம் சேர்ந்தது. பசிபிக் தீவு நாடான சமோவா இன்னும் மோசம். 2011 டிசம்பர் 30ஐ அப்படியே தாண்டி, தேதிக்கோட்டின் மறுபக்கம் போய்விட்டார்கள். 2009 செப்டம்பர் 29 காலை 6:48க்கு அங்கே நடந்த நிலநடுக்கத்துக்கு இன்றைய விதியைப் போட்டால் மணி அதே 6:48. தேதி மட்டும் 30 ஆகிவிடும். மணி சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கணினிகளில் இருக்கும் நேர வலயத் தரவுத்தளம் இந்த மாற்றங்களை ஊர்வாரியாக வைத்திருக்கிறது. ஆனால் 1970க்கு முந்தைய விவரங்களுக்கு அதை முழுதாக நம்ப முடியாது. அன்றைய செய்தித்தாளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அட்டவணையில் உலக நேரப் பத்தியை நான் அழிப்பதே இல்லை. பக்கத்திலேயே எத்தனை மணி கூட்டினேன், எந்த ஊருக்காக என்று இன்னொரு பத்தி. அட்டவணை அகலமாகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும்.