ஆறு தொட்டிகள்

ஜூன் 3, திங்கள்

ஆறு துண்டும் நட்டாயிற்று. மொட்டைமாடிச் சுவர் வெடிப்பிலிருந்து மூன்று, கிணற்றடி நிழலிலிருந்து மூன்று. எல்லாம் வெட்டுக்காயப் பூண்டுதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே மண், ஒரே வெயில், ஒரே குவளையால் தண்ணீர். குச்சியில் பென்சிலால் எழுதிச் செருகினேன்: சு1, சு2, சு3, கி1, கி2, கி3.

ஜூன் 4, செவ்வாய்

போன் வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

இன்று முழுக்கக் கிராஃப் தாளும் ஸ்கேலும்தான். சு1-இன் பழைய இலை நீளம் 21 மி.மீ., அகலம் 9. கி1-இன் பழைய இலை நீளம் 58, அகலம் 31. கட்டம் கட்டமாக எண்ணி முடிப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

லென்ஸில் பார்த்தால் இன்னும் வித்தியாசம். சுவர் இலையில் சுணை அப்பிக்கிடக்கிறது, விரலில் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி. விளிம்பின் பற்கள் நடுநரம்பைத் தேடிப் போவதுபோல ஆழமாக இறங்கியிருக்கின்றன. கிணற்றடி இலையை வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல் நிழலாகத் தெரிகிறது. அத்தனை மெல்லிசு.

காரணம் படித்ததுதான். இலையை ஒட்டி அசையாத காற்று ஒரு போர்வை மாதிரி படிந்திருக்கும். இலை அகலமாக ஆக அந்தப் போர்வையும் கனத்துப்போகும், உள்ளே ஏறின சூடு சீக்கிரம் வெளியேறாது. வெடிப்பில் தண்ணீரும் கம்மி, ஆவியாக விட்டுக் குளிர்ந்துகொள்ள வழியில்லை. அதனால் சின்ன இலை, வெட்டுப்பட்ட விளிம்பு. நிழலில் சூட்டுப் பயம் கிடையாது, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம், ஆகவே அகல விரித்து மெல்லிசாகப் பிடித்துக்கொள்கிறது. இதெல்லாம் தெரியும். என் கேள்வி வேறு. இடம் மாற்றி வைத்தால் சுவர்க்காரி சுவர்க்காரியாகவே இருப்பாளா?

ஜூன் 9, ஞாயிறு

தூக்கமில்லை. துரேசன் நினைவாகவே இருக்கிறது. ஸ்வீடனில் ஹைராசியம் அம்பெல்லாட்டம் என்ற ஒரே இனத்தை மணல்மேட்டிலிருந்தும் பாறைக் கரையிலிருந்தும் காட்டிலிருந்தும் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தவர். மணல்மேட்டுச் செடி தோட்டத்து மண்ணிலும் ஒடுங்கின இலைதான் விட்டது. ஒரே இனத்துக்குள் இடத்துக்கேற்பப் பிறப்பிலேயே வேறுபட்டுப்போன வகைக்கு 'ஈக்கோடைப்' என்ற சொல்லை 1922-இல் அவர்தான் கொடுத்தார். ஒரு சொல் கிடைக்க எத்தனை பாத்தி, எத்தனை காத்திருப்பு!

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் வயதுக்கெல்லாம் நம்மிடம் பேர் இருக்கிறது. அது நின்ற இடத்துக்கு ஒரு பேர் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜூன் 12, புதன்

ஒரு பெரிய சந்தேகம். துண்டு ஒடித்தபோதே நுனிக் குருத்துக்குள் அடுத்த இலைகள் உருவாகியிருக்கும். அவை சுவரிலும் கிணற்றடியிலும் தொடங்கின இலைகள். இங்கே விரிந்தாலும் இங்கத்து இலைகள் இல்லை. ஆகவே முதல் இரண்டு ஜோடியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது ஜோடிவரை பொறுக்க வேண்டும்.

பொறுக்க வேண்டும் என்று எழுதுவது சுலபம்.

ஜூன் 13, வியாழன்

ஆஸ்பத்திரியில் என்னிடம் எடுத்த மாதிரி போதவில்லையாம். மறுபடி எடுக்கணுமாம். இதைச் சொல்ல பதினோரு நாள்.

ஜூன் 16, ஞாயிறு

பிரெஞ்சுத் தாவரவியலாளர் போனியேவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரே செடியை இரண்டாகப் பிளந்து பாதியைச் சமவெளியிலும் பாதியை ஆல்ப்ஸிலும் நட்டார். சமவெளிச் செடி மலைச்செடியாகவே மாறிவிட்டது என்று நம்பினார். பின்னால் கவனமாகச் செய்து பார்த்தவர்களால் அதைக் காட்ட முடியவில்லை. கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் பொட்டென்டில்லா என்ற செடியைப் பிளந்து சுமார் 30 மீட்டர், 1,400 மீட்டர், 3,050 மீட்டர் உயரத் தோட்டங்களில் நட்டார்கள். 1940-இல் வெளியிட்டார்கள். இடத்துக்கு இடம் உருவம் மாறத்தான் செய்தது. ஆனால் உச்சிமலைச் செடி கீழே வந்தும் கரையோரச் செடி ஆகவில்லை. கரையோரச் செடி மேலே பிழைக்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் சு3-ஐத் தொட்டுப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

கி2-இல் மூன்றாவது ஜோடி! 27-க்கு 13. கிணற்றடிச் செடியில் இப்படி இலையா! சுணைகூட வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. நல்ல நாள்.

ஜூன் 21, வெள்ளி

நாளை சேர்கிறேன். அக்காவிடம் குவளையைக் கொடுத்து அளவு காட்டினேன். "எனக்குத் தெரியாதாடி தண்ணி ஊத்த?" என்றாள்.

ஜூலை 1, திங்கள்

ஆறு தொட்டியும் மாடிப்படிக்கு அடியில். ஒன்பது நாளும் அங்கேதானாம். "வாடிப்போய் நின்னுச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சு, அதான் நிழல்ல வெச்சேன்." கத்திவிட்டேன். தையல் இழுத்தது. எல்லாம் வீண். நான்கு வாரம் வீண்.

ஜூலை 2, செவ்வாய்

அக்கா காலையில் ஒன்றும் பேசாமல் ஆறையும் வெயிலுக்குத் தூக்கிப் போய் வைத்தாள், குச்சி வரிசை மாறாமல். மன்னிப்பு கேட்டேன். அவள் அழுதது தொட்டிக்காக இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

வீண் இல்லை. இன்றுதான் தண்டைக் கீழிருந்து மேலாகக் கணுக்கணுவாகப் பார்த்தேன். கீழே பழைய ஊர் இலை. அதற்கு மேலே வெயில் ஜோடி, சின்னது. அதற்கும் மேலே ஒரு ஜோடி திடீரென்று அகலமாக, மெல்லிசாக: சு1-இல் 46-க்கு 24, கி1-இல் 49-க்கு 26. அதற்கு மேலே மறுபடியும் சின்ன இலை விரிய ஆரம்பித்திருக்கிறது. ஆறு தொட்டியிலும் இதே கதை. விரிந்து முற்றின இலை திரும்ப உருவம் மாறாது. இப்போது வெயிலில் நின்றாலும் அந்த ஜோடி படிக்கட்டு நிழலின் இலையாகவே இருக்கும். நான் இல்லாத ஒன்பது நாளும் அந்த ஒரு கணுவில் அப்படியே இருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் லென்ஸைக் கொடுக்கவே இல்லை.

ஆனால் சு2 மட்டும் ஒத்துப்போகவில்லை. நிழல் ஜோடி மற்றதைப்போல் பெரிசுதான், 44-க்கு 20. பல் மட்டும் சுவரில் இருந்த அதே ஆழம், கிட்டத்தட்ட மூன்று மடலாகப் பிளந்து நிற்கிறது. பரப்பு இடத்துக்குப் பணிகிறது, வெட்டு பணியவில்லை. வெட்டு அதனுடைய பிறப்பிலேயே இருக்கிறதோ? ஒரு செடியை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. விதையிலிருந்து வளர்த்துப் பார்த்தால்தான் உண்டு.

ஜூலை 10, புதன்

சு2-இல் மொட்டு.

ஜூலை 11, வியாழன்

அறிக்கை வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், நாளை பதினோரு மணிக்கு நேரில்.

விதை முற்றினால் பஞ்சோடு பறந்துவிடும் என்று மெல்லிய துணியில் பை தைத்தோம். அக்கா பிடித்துக்கொண்டாள், நான் கட்டினேன். சு2 ஆயிற்று. கி1 ஆயிற்று. நூல் தீர்ந்துவிட்டது. மீதி வந்து கட்டணும்.