ராபர்ட் கிறிஸ்டிசன்: தெரிந்ததற்கு மேல் சொல்லாத சாட்சி

1828 நவம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், டாக்டர் நாக்ஸின் உடற்கூறு வகுப்பிடத்தில் ஒரு தேயிலைப் பெட்டி பிடிபட்டது. உள்ளே மடக்கித் திணித்த ஒரு பெண்ணின் உடல். உடற்கூறு வகுப்புக்குப் பிணம் விற்பதற்காக ஆட்களைக் கொன்ற பர்க், ஹேர் என்ற இருவரின் வழக்கில் முக்கியச் சான்று இதுதான். உடலில் இரத்தக்கட்டுகள் இருந்தன, கழுத்தெலும்பின் தசைநார்கள் பின்பக்கம் கிழிந்திருந்தன. இவை உயிர் இருந்தபோது ஏற்பட்டவையா, பிணத்தைப் பெட்டிக்குள் அமுக்கியபோது ஏற்பட்டவையா?

இதற்கு விடை தேடியவர் ராபர்ட் கிறிஸ்டிசன். 1797-இல் எடின்பரோவில் பிறந்தவர். பாரிஸில் படித்துத் திரும்பி, 1822-இல் 24 வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஆனவர். அவர் ஊகத்தை நம்பவில்லை. பிணங்களின்மேல் வெவ்வேறு நேர இடைவெளியில் அடித்துப் பார்த்தார். இறந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்த அடிகூட, பார்வைக்கு உயிரோடு பட்ட அடி போலவே தோல் நிறத்தை மாற்றியது. வேறுபாடு உள்ளே இருந்தது. உயிரோடு பட்ட அடியில் இடம் வீங்கும், திசுக்களுக்குள் இரத்தம் கசிந்து உறையும், தோலின் முழுத் தடிமனிலும் ஊறியிருக்கும். தோலை மேலாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் தவறும். கழுத்துக் காயமும் இறந்தபின் உடலை வலிந்து மடக்கியதால் வரக்கூடியதே என்று கண்டார். ஆகவே சாட்சிக்கூண்டில், வன்முறையால் இறந்திருக்க வாய்ப்பு மிக அதிகம், ஆனால் மருத்துவச் சான்றை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது என்றார். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டதுதான் அவரை எனக்குப் பெரியவராகக் காட்டுகிறது.

நஞ்சுகள் விஷயத்திலும் அதே கறார். அன்று ஆக்சாலிக் அமிலத்தைப் பேதி உப்பு என்று நினைத்துக் குடித்துப் பலர் செத்தார்கள். இரண்டும் நிறமற்ற சிறு படிகங்கள். நாக்கில் வைத்தால் ஒன்று கடும் புளிப்பு, மற்றது கசப்பு. 1823-இல் கோயிந்தே என்ற மருத்துவருடன் சேர்ந்து விலங்குகளில் சோதித்து அவர் கண்டது: நீர்த்த அமிலம் இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. தண்ணீரை மட்டும் நிறையக் கொடுப்பது ஆபத்து. சுண்ணாம்புக்கட்டித் தூளையோ மக்னீசியாவையோ தண்ணீரில் குழைத்து உடனே கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். சோடா, பொட்டாஷ் உதவாது. அவற்றோடு சேர்ந்து உண்டாகும் உப்பு கரையும், ஆகவே அதுவும் நஞ்சுதான். 1829-இல் வந்த அவருடைய நஞ்சு நூல் முழுவதும் இந்த மாதிரித் தெளிவு.

1832-இலிருந்து 1877 வரை மருந்தியல் நடத்தினார். அந்தக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் பகுதியிலிருந்து ஒரு நச்சுக் கொட்டை வந்தது. அன்று அங்கே குற்றம் சாட்டப்பட்டவரை அதைத் தின்னவைத்து, பிழைக்கிறாரா என்று பார்த்துக் குற்றத்தைத் தீர்மானித்தார்கள். 1855-இல் கிறிஸ்டிசன் ஓர் இரவு 6 கிரெயின் தின்றார். கைகால் லேசாக மரத்தது, அவ்வளவுதான். காலையில் 12 கிரெயின், அதாவது முக்கால் கிராம் சுமார், மென்று விழுங்கினார். சிறிது நேரத்தில் தலை சுற்றியது. சவரம் செய்துகொண்டிருந்த சோப்புத் தண்ணீரையே குடித்து வாந்தி எடுத்தார். நாடி தளர்ந்து தாறுமாறாக ஓடியது, தசைகள் சொன்னபடி கேட்கவில்லை, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கடைசிக் குறிப்பு முக்கியமானது. நஞ்சு முக்கியமாகக் குலைத்தது அறிவை அல்ல, நரம்பிலிருந்து தசைக்கும் இதயத்துக்கும் போகும் கட்டளையை. அவர் மாணவர் தாமஸ் ஃபிரேசர் இதைத் தொடர்ந்து, அட்ரோபின் என்ற மருந்து இதற்கு முறிவு என்பதை அளவு அளவாக நிறுவினார். கொட்டையின் சாரமான ஃபைசோஸ்டிக்மின் 1864-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

ஒன்றை மறைக்க முடியாது. பெண்களை மருத்துவக் கல்வியில் சேர்க்காத காலம் அது. 1869-இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழிகளும் எடின்பரோவில் மருத்துவம் படிக்க வந்தபோது, அவர்களை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் இவர்தான். மறு வருடமே அவர்களில் ஒருவரான எடித் பீச்சி வேதியியல் தேர்வில், முதன்முறை எழுதியவர்களில் முதலிடம் பெற்றார். அந்தச் சான்றும் கிறிஸ்டிசனை அசைக்கவில்லை. 1882-இல் இறக்கும்வரை அந்த எதிர்ப்பு மாறவில்லை.