மத்தியானமே எழுதி முடித்த பின்னேரக் கணக்கு

பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் பிரிட்ஜ் 3 பாகையில் இருந்ததாக அந்தத் தாளில் எழுதியிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்ரர் தாளைக் கையில் எடுத்தபோது மணி பகல் 12:40.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதினொரு வருசமாக ரொறன்ரோவில் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறேன். எண்ணெய் தெறித்துக் கை வெந்தபோதுகூட எனக்கு அப்படி வேர்க்கவில்லை.

எங்களுடையது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கும் சின்ன பேர்கர் கடை. இருபத்தெட்டுக் கதிரை, ஒரு கிறில், இரண்டு பொரிக்கும் சட்டி. முதலாளி யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம், குசினிப் பொறுப்பு என்னுடையது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். 2023 டிசெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வரிசைக்கு நடுவில்தான் அவர் வந்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. பச்சை இறைச்சி கையாளும் கடை என்பதால் எங்களை அதிக ஆபத்து வகையில் போட்டிருக்கிறார்கள், அதனால் வருசத்துக்கு மூன்று தடவையாவது வருவார்கள்.

ஊரில் பி.எச்.ஐ. வருகிறார் என்று சந்தியில் யாராவது சொன்னால் போதும், தேத்தண்ணிக் கடைக்காரர் வடைப் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். இங்கேயும் அந்த உத்தியோகத்துக்கு அதே பெயர்தான், பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்ரர். நானும் அவரைக் கண்டவுடன் முதலில் செய்தது மேசையைத் துடைத்ததுதான். வருத்தம் என்னவென்றால், நான் துடைத்த துணி ஊறிக் கிடந்த வாளியே எங்களைக் காட்டிக் கொடுத்தது.

அடையாள அட்டையைக் காட்டினார். வெள்ளைக் கோட்டைப் போட்டு, தலையில் வலையை மாட்டிக்கொண்டு நேராகக் கை கழுவும் சிங்குக்குப் போனார். அதற்குள்ளே லெட்டூஸ் வடிகட்டி இருந்தது. பக்கத்துப் பெட்டியில் பேப்பர் ரவல் இல்லை. அந்த சிங்க் கை கழுவ மட்டும்தான், சவர்க்காரமும் துடைக்கிற தாளும் எந்நேரமும் இருக்கவேண்டும். பரிசோதனை தொடங்க முதலே, அவர் கை கழுவப் போன இடத்திலேயே இரண்டு குறை. இனி யாருக்காவது புத்தி சொல்வதென்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்: வருகிறவர் முதலில் கைதான் கழுவுவார்.

அடுத்தது அந்த சிவப்பு வாளி. மேசை துடைக்கும் துணி ஊறவைக்கிற கிருமிநாசினித் தண்ணீர். ஒரு சின்னச் சோதனைத் தாளை அதற்குள் தோய்த்து எடுத்தார். நாங்கள் பாவிக்கிற குவாற் மருந்துக்குப் பத்து லட்சத்துக்கு 200 பங்கு இருக்கவேண்டும், பிளீச் என்றால் 100. சரியான அளவென்றால் தாள் பச்சையாகும். எங்கள் தாள் போட்ட நிறத்திலேயே கிடந்தது. சுவரில் பூட்டிய கருவிதான் மருந்தையும் தண்ணீரையும் கலந்து தருவது. கீழே இருந்த மருந்துக் கலன் எப்போது முடிந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. கருவி பாட்டுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது, நாங்களும் வெறும் தண்ணீரால் துடைத்துத் துடைத்து மினுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கடை பார்க்கச் சுத்தமான கடைதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பிறகு கிறிலுக்கு எதிரே நிற்கிற மேசைப் பிரிட்ஜ். மேலே தக்காளி, சீஸ், சோஸ், கீழ் இழுப்பறையில் பச்சைப் பற்றீஸ். (பற்றீஸ் என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வரும். இது வேறு, அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டியது.) பிரிட்ஜுக்கு வெளியே இருந்த இலக்கம் 4 என்று காட்டியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன்னுடைய தெர்மோமீற்றரைத் துடைத்து இரண்டு பற்றீஸுக்கு நடுவில் வைத்தார். 9 பாகை. வெட்டின தக்காளி 11. சட்டப்படி 4 பாகை அல்லது அதற்குக் கீழே. சூடாக வைக்கிற சாப்பாடென்றால் 60 அல்லது அதற்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் கிருமிக்குக் கல்யாண வீடு.

“எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது?” என்று கேட்டார். அப்போதுதான் எங்கள் பொடியன் ஒருவன் உதவி செய்கிற எண்ணத்தில் வெப்பநிலை எழுதும் தாளைக் கொண்டுவந்து நீட்டினான்.

அந்தத் தாளில் காலை 3, மத்தியானம் 3, பின்னேரம் 3, இரவு 3. எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே கையெழுத்து. முதல் நாளும் 3. அதற்கு முதல் நாளும் 3. மாதம் தொடங்கின நாளிலிருந்து எங்கள் பிரிட்ஜ் தபசு இருந்த மாதிரி ஒரு பாகை அசையவில்லை.

தாள் உண்மை பேசியிருந்தால் பாதிச் சாமானையாவது காப்பாற்றியிருக்கலாம். காலையில் 4 இருந்தது, பதினொன்றரைக்கு 6 ஆனது என்று எழுத்தில் இருந்தால் கணக்குப் பார்க்க வழி உண்டு. எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை. எவ்வளவு நேரமென்று தெரியாததால் இழுப்பறையில் இருந்த அறுபது பற்றீஸும் தக்காளியும் சீஸும் சோஸும் குப்பைப் பைக்குள் போயின. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானே கட்டிக் கொட்டினேன். உள்ளே நடந்து போகிற பெரிய குளிர் அறை 2 பாகையில் இருந்தது, அந்த இறைச்சி தப்பியது.

கிறிலில் மட்டும் எங்களுக்குக் குறை வரவில்லை. வெந்த பற்றீஸ் ஒன்றின் பக்கவாட்டால் ஊசியைச் செருகினார். மெல்லிசானதை மேலிருந்து குத்தினால் ஊசி மறுபக்கத்தால் வந்து கிறிலின் சூட்டைக் காட்டும். 78 வந்தது. அரைத்த மாட்டிறைச்சிக்கு 71 போதும்.

இந்த 71-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் வாரத்தில் ஒருவராவது வந்து “நடுவில் சிவப்பாக விட்டுத் தா” என்று கேட்கிறார். ஸ்ரேக் அப்படித் தருகிறீர்களே என்பார். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், சுட்டவுடன் செத்துப்போகும். அரைத்தால் வெளிப்பக்கம் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. ஈ.கோலை O157 என்கிற கிருமி வகையை முதல் முதலாக அடையாளம் கண்டதே 1982இல், அமெரிக்காவில் பேர்கர் சாப்பிட்டு நோயாளியான ஆட்களிடம்தான். 1993இல் அங்கே ஒரு பேர்கர் சங்கிலிக் கடையால் எழுநூறு பேருக்கு மேல் நோயாகி, நாலு பிள்ளைகள் செத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும். கனடாவில் அதை ஹம்பேர்கர் நோய் என்றே சொல்கிறார்கள். ஒன்ராறியோக்காரருக்கு அதே கிருமியை 2000ஆம் ஆண்டு வோக்கர்ட்டன் ஊரின் குடிதண்ணீர் நினைவுபடுத்தும், ஏழு பேர் போனார்கள். நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது, 71 வர முதலே இறைச்சி மண்ணிறமாகிவிடும். இதையெல்லாம் விளங்கப்படுத்தினால் பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் அடுத்த கடைக்குப் போவார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

இங்கே குறைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: சின்னது, குறிப்பிடத்தக்கது, உடனடி ஆபத்து. சின்னது மட்டும் என்றால் பச்சைத் தாள். எங்களுக்குக் கிடைத்தது மஞ்சள், நிபந்தனையுடன் தேறியது என்று அர்த்தம். சிவப்பென்றால் கடைக்குப் பூட்டு. 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் திரும்பி வருவேன் என்று சொல்லி, வாசலில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மஞ்சளைத் தானே ஒட்டிவிட்டுப் போனார். ஏசவில்லை, பயமுறுத்தவும் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் என்ன செய்யவேண்டுமென்று எழுதித் தந்தார்.

இந்த மூன்று நிறத் தாளுக்கு டைன்சேஃப் என்று பெயர். ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை 2000இல் கடைகளின் பரிசோதனைப் பதிவுகளைத் தோண்டி எடுத்து எழுதிய பிறகு, 2001இல் நகரம் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முதல் எந்தக் கடையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சாப்பிடப் போகிறவருக்குத் தெரிய வழி இருக்கவில்லை. அதற்கு முந்திய காலத்தில் கடை வைத்திருந்த மாமா ஒருவர் இந்தத் தாளை இன்றைக்கும் திட்டுவார். சாப்பிடப் போகிற ஆளாக எனக்கு அது பிடிக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பிடிக்கவில்லை.

முதலாளி ஓடிவந்தார். “பிள்ளை, இதென்ன, வாசலிலை மஞ்சள் பூசிப்போட்டுப் போயிருக்கினம்?”

“எங்கடை பிழை அண்ணை. பிரிட்ஜ் ஒன்பதிலை நிண்டது.”

“அது நாலெண்டு காட்டுதே!”

“வெளியிலை காட்டுது. உள்ளுக்கை இல்லை.”

சிறிது நேரம் வாசலில் நின்றார். பிறகு மூலையில் இருந்த கிறிஸ்மஸ் மரத்தை இழுத்துக்கொண்டுவந்து தாளுக்கு நேரே வைத்தார். நான் அதைத் திரும்ப மூலைக்குத் தள்ளினேன். தாளை மறைத்தால் அது தனிக் குற்றம். அன்று பின்னேரம் மட்டும் அந்த மரம் மூன்று தடவை நடந்தது.

இரவு பிரிட்ஜ் திருத்துகிறவர் வந்து அடித்தட்டைக் கழற்றினார். சூட்டை வெளியே தள்ளுகிற சுருள் குழாயில் கிறிலின் கொழுப்பும் தூசியும் சேர்ந்து கம்பளி போர்த்த மாதிரி இருந்தது. எப்போது கடைசியாகத் துப்புரவாக்கினீர்கள் என்று கேட்டார். அந்தக் குழாய் ஒன்று இருக்கிறதென்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவின் ரப்பரும் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. அதைப் பார்க்க ஒரு வழி காட்டித் தந்தார்: பில் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கவேண்டும், இறுக்கமில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாலு மூலையிலும் இழுத்துப் பார்க்கிறேன்.

மருந்துக் கலன் அடுத்த நாள் காலை வந்தது. சோதனைத் தாள் சுருள் ஒன்றை வாளிக்கு மேலேயே தொங்கவிட்டோம். எங்கள் தெர்மோமீற்றரை நொருக்கின ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பைக்குள் வைத்துப் பார்த்தோம், 0 காட்டவேண்டும். ஒன்று 0, மற்றது 3. 3 காட்டினதைக் குப்பையில் போட்டோம்.

தாள் விசயம்தான் கஷ்டமாக இருந்தது. அதை எழுதினவன் இங்கே படிக்க வந்த பொடியன், நல்ல வேலைகாரன். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏன்டா தம்பி, பாக்காமலே எழுதினனீ?”

“அக்கா, போன மாசம் ஒருநாள் ஏழெண்டு எழுதினன். அண்ணை வந்து ஏன் ஏழு, ஏன் ஏழெண்டு எல்லாற்றை முன்னாலையும் கேட்டவர். மூண்டெண்டு எழுதினா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாள்களுக்குக் கீழே கையெழுத்து வைப்பது நான். உணவு கையாளுநர் சான்றிதழ் என்னுடைய பெயரில்தான் சுவரில் தொங்குகிறது, எழுபது வீதம் எடுத்தால் தேறலாம், நான் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள். 2018 யூலையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதி 493/17இன்படி, கடை திறந்திருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் அப்படிப் படித்த ஒருவராவது உள்ளே நிற்கவேண்டும். நான் நின்றேன்தான். மாதம் முழுக்க 3 என்று வந்த தாளில் கண்ணை வைக்காமல் கையை வைத்தேன்.

அன்றிரவே தாளை மாற்றி அடித்தேன். மணி அச்சடிக்கவில்லை, பார்த்த மணியை அவர்களே எழுதவேண்டும். இலக்கத்துக்குப் பக்கத்தில் “என்ன செய்தாய்” என்று ஒரு கட்டம். முதலாளியிடம் ஒன்றுதான் கேட்டேன், ஏழு என்று எழுதினவனை ஏசக்கூடாது. “நான் எங்கை ஏசினனான்?” என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு இன்ஸ்பெக்ரர் திரும்ப வந்தார். கை கழுவினார், துடைத்தார். வாளி பச்சை காட்டியது. பற்றீஸ் 3. புதுத் தாளை எடுத்து, புதன்கிழமை மத்தியானம் 6 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். பக்கத்தில் பொடியன், மேல் மூடி திறந்து கிடந்ததாகவும் மூடினதாகவும் இருபது நிமிசத்தில் 4 ஆனதாகவும் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். அவர் வாசித்துவிட்டுத் தாளை இருந்த இடத்தில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

வாசலில் நிறம் மாறினாலும் இணையத்தில் பதிவு இருக்கும். கடையின் பெயரைத் தட்டினால் செவ்வாய்க்கிழமை மஞ்சளும் வியாழக்கிழமை பச்சையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும், என்ன குறையென்று விபரத்தோடு. சனிக்கிழமை ஒரு தாய் பிள்ளையோடு வந்து, கைபேசியைக் காட்டி, “இதென்ன, குளிராக வைத்திருக்கவில்லையா?” என்று கேட்டார். பிரிட்ஜ் பழுது, சாமானைக் கொட்டினோம், திருத்திவிட்டோம் என்று உள்ளதைச் சொன்னேன். பிள்ளை ஏற்கெனவே கதிரையில் ஏறி இருந்துவிட்டது. அவர் சாப்பிட்டாரா, பிள்ளைக்கு மட்டும் வாங்கினாரா என்று நான் பார்க்கவில்லை, குசினிக்குள் வேலை இருந்தது.

ஏப்ரலில் அடுத்த பரிசோதனை, இந்தமுறை வேறொருவர். பச்சைதான், ஆனால் இரண்டு சின்னக் குறை எழுதிவிட்டுப் போனார்: தயாரிக்கும் மேசைக்கு மேலே இருக்கிற மின்குமிழுக்கு மூடி இல்லை, பின்கதவுப் பக்கம் கூரைத் தகடு ஒன்று ஊறிப்போயிருக்கிறது. மூடி அன்றைக்கே போட்டாயிற்று. தகடு சனிக்கிழமை மாற்றலாம் என்று முதலாளி சொல்லி இது மூன்றாவது சனிக்கிழமை.