நடிகரின் முகம் மட்டும் போதாது

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு மக்களையும் போட்டுக்கொள்ள அழைத்தார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசி காரணமல்ல என்ற மத்தியக் குழுவின் அறிக்கை வர அக்டோபர் ஆனது. அதற்குள் ஊசிதான் காரணம் என்ற வதந்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

தடுப்பூசி விழிப்புணர்வுக் கூத்து போடுபவர்களே, 'பயப்படாதீங்க' என்று மட்டும் பாடாதீர்கள். நடக்கப்போவதைப் பாடுங்கள்: மேல்கையில் அரை மில்லி மருந்து, அரை மணி நேரம் அங்கேயே காத்திருப்பு, ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல். முன்பே கேட்டவர் காய்ச்சல் வந்ததும் பதறமாட்டார். கூத்து முடிந்ததும் ஊர் செவிலியரை மேடையேற்றிக் கேள்விகளுக்கு நேரம் கொடுங்கள். மாதவிடாய், கர்ப்பம் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் கேட்கத் தயங்குவார்கள். அவர்களோடு செவிலியர் தனியாக உட்காரட்டும்.